காங்கேயத்து வெய்யில்

சித்த தலையச் சாச்சுக்குங்க தம்பி, பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள சன்னல்ல ஒண்ணு பாத்துக்கறன். இன்னுங் கொஞ்சம். அந்த மாடி மறைக்குது. ஆ, பாத்துட்டனுங்க. ஆறு சோலார் பேனலு. மேக்காலத் திருப்பி வெச்சிருக்கறாங்க. எந்தப் புண்ணியவான் மாட்டிக் குடுத்தானோ தெரியல. தண்ணித் தொட்டி நெழலு வேற காலைல முழுக்க மேல உழுகும். இந்த மாசத்துல நாளைக்கு எட்டு யூனிட்டு வந்தா அதுவே பெருசுங்க. பன்னண்டு வருதுன்னு அந்த ஊட்டுக்காரரு சொன்னா நம்பாதீங்க.

எப்படிச் சொல்றன்னு பாக்கறீங்களா? மதிப்புப் போடறது நம்ம தொழிலுங்க. எனக்கு ஆனமலைப் பக்கம். தென்னந்தோப்பு குத்தகைக்கு எடுக்கறன். தோப்புக்காரரு நம்மளக் கூட்டிட்டுப் போவாரு. நான் அண்ணாந்து பாத்துட்டே ஒரு சுத்து வருவன். அவிய ஊட்டுல இருந்து காப்பி வர்றதுக்குள்ள இத்தன காயின்னு சொல்லிப்போடுவன். அப்பறம் ஆள உட்டு எறக்கி எண்ணிப் பாத்தாங்கன்னா, நான் சொன்னதுக்கும் எண்ணுனதுக்கும் ஒரு சாக்குக் கூட வித்தியாசம் வராதுங்க. பெருமைக்குச் சொல்லல. ஆனமலைல எறங்கி யார வேணாக் கேளுங்க.

காய எண்ணறவனுக்கு வெய்யில எண்ணத் தெரியாதுங்களா? எங்கூட்டு மாடிலயும் பேனலு இருக்குது. காலைல எந்திரிச்சதும் மேல போயி வானத்தப் பாப்பன். மேகம் எந்தப் பக்கம் நிக்குது, காத்து எப்படி அடிக்குது, மலை தெளிவாத் தெரியுதான்னு பாப்பன். பாத்துட்டுக் கீழ எறங்கி வந்து, இன்னைக்குப் பன்னண்டு யூனிட்டுன்னு எங்கூட்டம்மாகிட்டச் சொல்லுவன். பொழுதோட, வெளக்கு வெக்கறப்ப, போனத் தொறந்து பாத்தா பன்னண்டுதான் காட்டும். அவ ஆச்சரியப்பட மாட்டா, அது வேற கதை. போயிக் குளிச்சுட்டு வாங்கம்பா.

இந்தப் பேனலு சமாச்சாரம் ஆரம்பிச்சதே எங்க சம்மந்தியாலதானுங்க. தெய்வசிகாமணின்னு பேரு. காங்கேயத்துல கொப்பரைக் களம் வெச்சிருக்கறாரு. தேங்கா ஒடச்சு வெய்யில்ல காயப் போடற களமுங்க. எங்க காயி அவரு களத்துல காஞ்சு காஞ்சுதான் பழக்கமாச்சு. அப்பறம் எம் பொண்ணு தாரணிய அவிய பையனுக்குக் குடுத்தம். நல்ல எடம். ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. மனுசனுக்கு வாய்தான் கொஞ்சம் நீளம். வெய்யில அவரு பேருல கிரயம் பண்ணி வெச்சிருக்கறாப்பல பேசுவாரு. உங்கூருல மேகம் சம்மந்தி, எங்கூருலதான் வெய்யிலும்பாரு. தொழில் வெய்யில்ல நடக்குது, அதனால அந்தப் பேச்சு.

கல்யாணம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல மாடில மூணு கிலோவாட்டு மாட்டுனாரு. நானும் மாட்டுனன். போட்டிக்குன்னு நெனச்சுப்போடாதீங்க. எனக்கு எதுக்குங்க போட்டி? அதே மூணு கிலோவாட்டு, அதே கம்பெனி, அதே ஆறு பேனலு, அவ்வளவுதான். மாட்டிக் குடுத்த மெக்கானிக் ஜெகதீசு சொன்னான், ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட்டுன்னு வெச்சுக்குங்கண்ணா, எல்லாம் ஒரு உத்தேசந்தான்னு. உத்தேசங்கற வார்த்தையே எனக்குப் புடிக்காதுங்க. மதிப்புத் தெரியாதவன் சொல்ற வார்த்தை அது.

அன்னன்னைக்கு எத்தன யூனிட்டு வந்துச்சுன்னு போன்லயே காட்டும். அங்க மாப்பள அத தாரணி போன்ல போட்டுக் குடுத்துட்டாரு. அவரு எண்ணெ யாவாரத்துக்கு மாசத்துல பாதி நாளு வெளியூருங்க. சம்மந்தியும் சம்மந்தியம்மாளும் விடிஞ்சாக் களத்துக்குப் போனா பொழுது உழுந்துதான் ஊட்டுக்கு வருவாங்க. ஊட்டுல இருக்கறது தாரணி ஒருத்திதான். அதனால அந்தப் பொறுப்பு அவளுக்கு. தெனமும் பொழுதோட அவ நம்பரு எனக்கு வந்துரும். நான் என் நம்பர அனுப்புவன்.

மொத மாசம் எப்பவும் நாமதான் மேலிங்க. அவ பத்துன்னு அனுப்புவா, பத்தரைன்னு அனுப்புவா. நமக்குப் பன்னண்டு. உடனே போனப் போட்டு, உம் மாமனாருகிட்டச் சொல்லு, காங்கேயத்து வெய்யிலுக்குக் கண்ணு பட்டுருச்சாட்ட இருக்குதுன்னு சொல்லிச் சிரிச்சுட்டு வெச்சுருவன். வெக்கறதுக்குள்ள அவ என்னமோ கேப்பா. எப்பங்கப்பா வர்றீங்கன்னு. வர்றன் வர்றன்னு சொல்லுவன்.

தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆகட்டும், ஒரு பொண்ணப் பெத்துக் கட்டிக் குடுத்துப் பாருங்க, தெரியும். பொண்ணக் குடுத்த ஊட்டுக்கு நெனச்ச நேரத்துக்குப் போயி உக்காந்துக்க முடியாதுங்க. நோம்பிக்குச் சீர் கொண்டு போலாம். நல்லது கெட்டதுன்னாப் போலாம். சும்மா பாக்க வந்தன்னு போயி நின்னா, என்னமோ ஏதோன்னு அவியளுக்கும் ரோசன, அக்கம்பக்கத்துக்கும் பேச்சு. எங்கய்யன் எங்கக்கா ஊட்டுக்குப் போனாருன்னா ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டு அடுத்த வண்டிக்கே திரும்பிருவாரு. நம்ம பக்கம் அப்படித்தானுங்க. வேலைன்னு ஒண்ணு இருந்தாப் போலாம். வேலை இல்லாம எதுக்குங்க போறது?

ரண்டாவது மாசம் ஒரு நாளு பதினாலுன்னு அனுப்புனா.

நான் கண்ணாடியப் போட்டுட்டு மறுபடியும் பாத்தனுங்க. பதினாலுதான். நமக்கு அன்னைக்குப் பன்னண்டு. என்னடா இது, விரலு பட்டு மாறி வந்துருச்சாட்டன்னு உட்டுட்டன். அடுத்த நாளும் பதினாலு. சோறு எறங்குலீங்க. நம்ம மதிப்புக்கு மேல ரண்டு யூனிட்டு எங்க இருந்து வருது? அதுக்கடுத்த நாளு காலைல மொத வண்டிக்குக் காங்கேயம் போயிட்டன்.

போனதும் நேரா மாடிதானுங்க. கையில ரசமட்டம். கொத்தனாரு செவுத்துல வெச்சுப் பாப்பாங்கள்ல, அதேதான். பேனலு எவ்வளவு சாச்சு வெச்சிருக்குதுன்னு பாத்தா, நம்மூட்டுல இருக்கற மாதிரியேதான் இருக்குது. தெக்கால பாத்துத்தான் இருக்குது. தாரணி காப்பி எடுத்துட்டு மேலயே வந்துட்டா. ரசமட்டத்தோட அந்தப் பக்கத்தப் புடிச்சுக்கறன்னா. புடிச்சுட்டே பேசிட்டு இருந்தா. பகல் முச்சூடும் ஊட்டுல பேசறதுக்கு ஒரு ஆளில்லீங்கப்பா, ரேடியோவப் போட்டு உட்டுட்டு அதுக்கு நானே பதில் பேசறன்னு என்னமோ சொல்லிச் சிரிச்சா. நான் மட்டத்துல இருக்கற குமிழப் பாக்கறதா, அவ பேசறதக் கேக்கறதா? சித்த ஆடாமப் புடி சாமின்னு சொன்னன். புடிச்சா. நல்ல புள்ளைங்க, சொன்னாக் கேக்கும்.

இதுல ஒரு விசயம் சொல்லோணும். அந்த மாடில நின்னு பேனல ஒரு சுத்துப் பாத்ததும் எம் மனசுல பட்டது பத்து யூனிட்டுதான். பக்கத்துல கொட்டாங்குச்சி சுட்டுக் கரி போடறாங்க. அந்தப் புகை பூரா இவிய பேனலு மேலதான் படியுது. விரல வெச்சு இழுத்தா மையாட்ட வருது. இதுல எப்படிங்க பதினாலு வரும்? கண்ணு பத்துங்குது, பொண்ணு பதினாலுங்கறா. பொண்ணு சொன்னா அதுக்கு மறுபேச்சு உண்டுங்களா? அப்ப எம் மதிப்புத்தான் தப்பு. இத்தன வருசத்துல மொத மொதல்ல எம் மதிப்பு தப்பிருச்சுன்னு நெனச்சனுங்க. அந்த வெசனம் உங்களுக்குச் சொன்னாப் புரியாது.

சம்மந்திகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்கறீங்க. கேப்பனா? கேட்டா நான் தோத்துட்டன்னு அவரு வாயில நானே சக்கரையப் போட்ட மாதிரி ஆயிராதுங்களா? திரும்பறப்பக் களத்துல தலையக் காட்டி, சும்மா இந்தப் பக்கம் ஒரு காய் லோடு விசயமா வந்தன், அப்படியே பேனலு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு சொல்லி வெச்சுட்டன். பாருங்க சம்மந்தி, நல்லாப் பாருங்கன்னாரு. அந்தச் சிரிப்பப் பாத்தா எல்லாந் தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சு.

அதுக்கப்பறம் எத்தன தடவை போயிருப்பன்னு எனக்கே தெரியாதுங்க. ஒருக்காக் காத்துப் போக்கு எப்படின்னு பாக்கப் போனன். பேனலு சூடானா யூனிட்டு கொறையும்னு ஜெகதீசு சொல்லிப்போட்டான், அதனால அடில கையக் குடுத்துப் பாத்தன். ஒருக்கா நெழல் பாக்கறதுக்குன்னே காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் மாடிலயே உக்காந்திருந்தன். தாரணி கொடை புடிச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டா. மதியச் சோத்தையும் மேலயே கொண்டு வந்து, ரண்டு பேரும் அந்தப் பேனலு நெழல்ல உக்காந்து தின்னம். கத்திரிக்காப் பொரியல் வெச்சிருந்தா. சின்ன வயசுல தோப்புக்கு எனக்குச் சோறு கொண்டு வருவா, அப்ப மாதிரியே இருக்குதுங்கப்பான்னா. நான் நெழலு நவுந்துருமேன்னு பாத்துட்டு இருந்தன், சரியாக் காதுல வாங்குல.

நம்மூட்டுல ஒரு கொறை இருந்துச்சுங்க, ஒத்துக்கறன். பொழக்கடைல ஒரு தென்னை. பொழுதுசாய அதோட மட்டை நெழலு ரண்டு பேனலு மேல உழுகும். நல்லாக் காய்க்கிற மரம். எங்கூட்டம்மா சட்டினிக்கு அந்த மரத்துக் காயத் தவிர வேற தொட மாட்டா. நான் ஆளக் கூட்டியாந்து வெட்டிப்போட்டன். தென்ன மரத்த நம்பிப் பொழைக்கறவன் காய்க்கிற மரத்த வெட்டுவானான்னு ஊரே கேட்டுச்சு. கேக்கட்டும். அன்னைக்கு நமக்கு ஒரு யூனிட்டு ஏறிருச்சு, பதிமூணு. மரத்த வெட்டிப்போட்டன், இன்னிமேல் உம் மாமனாரப் பாத்துக்கச் சொல்லுன்னு தாரணிக்குப் போன்ல சொன்னன். அன்னைக்குப் பொழுதோட அவகிட்ட இருந்து நம்பரு வருது. பதினஞ்சரை.

இது என்ன அநியாயங்க? நான் இங்க மரத்த வெட்டுனா அங்க எப்படி ஏறும்?

அப்பத்தான் முடிவு பண்ணுனன், இது நம்ம கண்ணுக்கு ஆகற வேலையில்லன்னு. ஜெகதீசுக்கு ஒரு நாள் கூலியக் குடுத்து, வேன்ல ஏத்திக் காங்கேயத்துக்கே கூட்டிட்டுப் போயிட்டன். அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. சம்மந்தியும் ஊட்டுல இருக்கறாரு, மாப்பளையும் இருக்கறாரு. எல்லாரும் மாடிக்கு வந்துட்டாங்க. ஜெகதீசு பேனலையே பாக்குலீங்க. நேரா மாடிப்படிச் செவுத்துல மாட்டியிருக்கற இன்வெர்ட்டர் பொட்டிகிட்டப் போனான். அதுலயும் நம்பரு காட்டுமாம். எனக்கெப்படிங்க தெரியும்? நான் மேல பாத்து மதிப்புப் போடறவன், பொட்டியப் பாத்து மதிப்புப் போடறவனில்ல.

அவன் பொத்தான ரண்டு அமுக்கு அமுக்கிட்டு என்னயப் பாத்தான்.

"அண்ணா, நேத்துப் பத்துத்தானுங்க. முந்தாநாளு ஒம்பதே முக்கால். இந்த மாசம் பூராத் தள்ளிப் பாத்துட்டன், பதினஞ்செல்லாம் ஒரு நாளும் இல்லீங்க."

பத்து! கேட்டீங்களா தம்பி? மொத நாளு அந்த மாடில நின்னு நான் போட்ட மதிப்பு என்ன? பத்து. துளி முன்னப்பின்ன இல்ல. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அந்தப் பொட்டியக் கட்டிப் புடிச்சுக்கலாமான்னு இருந்துச்சு. அப்பறந்தான் ஒறைச்சுது. அப்ப பதினாலு, பதினஞ்சரை எல்லாம் எங்க இருந்து வந்துச்சு?

திரும்பிப் பாக்கறன். தாரணி காப்பித் தட்டோட படில நிக்கறா. மூஞ்சி செவந்து போச்சு. என்ன சாமி இதுன்னன்.

"கூடச் சொன்னாத்தானுங்கப்பா நீங்க வர்றீங்க," அப்படிங்கறா. "கொறச்சுச் சொன்னா போன்லயே சிரிச்சுட்டு வெச்சர்றீங்க."

இது ஒரு பதிலுங்களா? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க. நான் கேட்டது யூனிட்டுக் கணக்கு. அதுக்கு இது பதிலா? பெத்த அப்பனயே இத்தன நாளா ஏமாத்தியிருக்கறா. காய்க்கிற மரத்த வெட்ட வெச்சுட்டா. நான் பாட்டுக்கு மொத மாசத்துல இருந்தே ஜெயிச்சுட்டு இருந்திருக்கறன், அது தெரியாம இத்தன நாளு சம்மந்தி முன்னால தலையக் குனிஞ்சுட்டுத் திரிஞ்சிருக்கறன். அவரு களத்துக்கே போயி நின்னு சிரிச்சிருக்க வேண்டியவன் நானு. அந்தச் சிரிப்ப இப்பப் போயிச் சிரிக்க முடியுமுங்களா?

சம்மந்தி சிரிப்பாருன்னு பாத்தன். சிரிக்குலீங்க. அந்த வாயி நீளமான மனுசன் மருமகளையே பாத்துட்டு நின்னாரு. அப்பறம் கீழ இருந்த சம்மந்தியம்மாளப் பாத்து, சம்மந்திக்கும் எலை போடுன்னு சத்தம் போட்டு, எம்பக்கம் திரும்பி, "ரண்டு நாளு இருந்துட்டுப் போங்க சம்மந்தி"ன்னாரு. என்ன வேலைன்னுங்க இருக்கறது? அதுதான் கணக்கு முடிஞ்சு போச்சே. தின்னுப்போட்டு ஜெகதீசக் கூட்டிட்டு வேன் ஏறிட்டன். தாரணி வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தா, நாங்க வளைவு திரும்பற வரைக்கும். அத்தன வெய்யில்ல எதுக்கு நிக்கறான்னு தெரியல. நல்ல வெய்யிலுங்க. பேனலக் கழுவி வெச்சிருந்தா அன்னைக்குப் பதிமூணு வந்திருக்கும்.

ஊட்டுக்கு வந்து எங்கூட்டம்மாகிட்ட நடந்ததச் சொன்னன், நம்ம மதிப்பு பத்துங்கறது உட்பட. அவ அதைக் கேக்குல. புள்ள எளைச்சிருக்கறாளான்னு கேட்டா. நான் அதப் பாக்குலியேன்னன். அதுக்கப்பறம் ரண்டு நாளு எங்கிட்டப் பேசுலீங்க. தென்ன மரத்த வெட்டுன கோவம் இன்னும் போகுலயாட்ட இருக்குது.

தாரணிக்கு ஒரே உத்தரவு போட்டுட்டன். இன்னிமேல் வாய்க்கணக்கு வேண்டாம், தெனமும் அந்தப் பொட்டிய அப்படியே படம் புடிச்சு அனுப்போணும்னு. சரிங்கப்பான்னா. அனுப்புனா. ஒம்பது. பத்து. ஒம்பதரை. நமக்குப் பதிமூணு. தெனமும் நாமதான் மேல. மொத வாரம் போனப் போட்டுச் சிரிச்சன். அப்பறம் சிரிக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு உட்டுட்டன். உள்ளதச் சொல்றன், ஜெயிக்கறது இத்தன சப்புன்னு இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. காலைல மாடிக்குப் போறதுக்கே பிரியமில்ல. எதையோ வெச்சுட்டு வந்துட்ட மாதிரியே இருக்குது. டாக்டரப் பாத்தன், பிரசர் மாத்தர மாத்திக் குடுத்திருக்கறாரு.

அப்படியே போயிட்டு இருந்துச்சு. நேத்துப் பொழுதோட போன்ல மணியடிச்சுது. எடுத்துப் பாத்தா படம் வல்லீங்க. வெறும் நம்பருதான். பதினெட்டு.

பதினெட்டுங்க தம்பி! மூணு கிலோவாட்டுல சித்திரை வெய்யில்லயே பதினெட்டு வராது. காங்கேயத்துல முந்தாநாளுப் புடிச்ச மழை. களத்துல கொப்பரை பூரா தார்ப்பாயப் போட்டு மூடி வெச்சுட்டு ஊட்டுல உக்காந்திருக்கறன்னு சம்மந்தியே போன்ல பொலம்புனாரு. அந்த மழைக்கு மூணு யூனிட்டு வந்தா அதிகம். பதினெட்டாம்! கண்டுபுடிச்சதுக்கப்பறமும் கொஞ்சமாவது பயம் இருக்குதுங்களா பாருங்க.

எங்கூட்டம்மாகிட்டக் காட்டுனன். வாங்கிப் பாத்தா. போனத் திருப்பிக் குடுத்துட்டு உள்ள போயி எம் பையில வேட்டி எடுத்து வெச்சா, ஒண்ணுக்கு நாலா. எதுக்கு நாலுன்னு கேட்டன். காதுலயே வாங்காம அடுப்பப் பத்த வெச்சுக் கச்சாயம் சுட ஆரம்பிச்சுட்டா. இந்தாங்க, நீங்க ஒண்ணு எடுத்துக்குங்க. நெறைய இருக்குது. தாரணிக்குப் புடிக்கும்னு வெல்லம் தூக்கலாப் போட்டிருக்கறா.

பொய்யின்னுதான் தெரியுதே, பின்ன எதுக்குங்க போறீங்கன்னு கேக்கறீங்க. நல்லாக் கேட்டீங்க போங்க. தோப்ப நேர்ல பாக்காம மதிப்புச் சொல்றவனில்லீங்க நானு. பொய்யின்னாலும் அங்க போயி நின்னு பாத்துட்டுத்தான் பொய்யின்னு சொல்லோணும். அதுவும் மழையில பாத்தாக் கணக்கு சரியா வராது. மழை உடோணும், மேகம் கலையோணும், அப்பறம் நல்ல வெய்யில்ல நாலு நாளாவது வெச்சுப் பாத்தாத்தான் மதிப்பு நிக்கும். அது வரைக்கும் அங்கதான் இருந்தாகோணும், வேற வழியில்ல. அதா பாருங்க, தாராபுரம் தாண்டறதுக்குள்ளயே பஸ்ஸுக் கண்ணாடில சாரல் அடிக்குது. ஐப்பசி மழைங்க இது, லேசுல உடாது.